முதல் மழை விரால்

எங்கள் குடும்பத்தில் பதறாமல் பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உம்மா பொய் சொன்னால் குரல் உயர்ந்துவிடும். வாப்பா தொண்டையைச் செருமுவார். மாமாவுக்குக் காது சிவந்துவிடும். ஒன்பது வயதில் அந்தத் திறமையை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமை.

அப்போது நாங்கள் சைகோனில் இருந்தோம். காரைக்காலிலிருந்து வந்து சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்த குடும்பம். உம்மாவின் தம்பியான மாமா கட்டியிருந்தது வியட்நாம் பெண்ணை. மாமி எங்களோடுதான் இருந்தாள். உம்மாவிடமே தமிழ் கற்றுக்கொண்டு, உம்மாவைப் போலவே என்னை அதட்டுவாள். அவளுடைய தகப்பனார் நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தனியாக இருந்தார். மாமி அவரைப் 'பா' என்பாள். நான் 'ஓங்' என்பேன்; அவர்கள் பாஷையில் தாத்தா.

அந்த ஏரியில் விரால்தான் அதிகம். இந்த வருஷம் மீன் எப்படி என்று கேட்டால் ஓங் கரையில் குந்திக் காதைத் தீட்டிக்கொள்வார். மூச்சு வாங்க விரால் மேலே வந்து 'பொளக்' என்று வாயைத் திறக்கும் சத்தத்தைக் கேட்டே பரவாயில்லை, மட்டம் என்று சொல்லிவிடுவார். மனுஷருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. முதல் மழை விழுந்து ஒரு மாதத்துக்கு அந்தத் தண்ணீரில் யாரும் வலை போடக் கூடாது. விரால் சினையோடு கரையோரப் புல்லுக்குள் ஒதுங்கும் காலம் அது. கல்யாணமான புதிதில் மாமா அந்த நேரம் பார்த்துத் தூண்டிலோடு போய் நிற்க, புது மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் தூண்டிலைப் பிடுங்கிக் கூரையில் செருகிவிட்டு மூன்று நாளும் கருவாடு போட்டே அனுப்பினாராம். மாமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மாமாவின் காது சிவக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. நகரத்தைத் தாண்டினால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. இனி இங்கே பிழைப்பில்லை என்று வாப்பா எல்லோருக்கும் கப்பலில் இடம் பிடித்துவிட்டார். மாமி மட்டும் மசியவில்லை.

"பா எப்படி இருக்காருன்னு தெரியாம நா கப்பல் ஏற மாட்டேன்."

குச்சிப் பாதை நாலு மாதமாக அடைத்துக் கிடந்தது. கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முதல் மழை பெய்த மறுநாள், திறந்துவிட்டார்கள். மாமியைப் பட்டாளத்துக்காரர்கள் நிற்கும் வழியில் கூட்டிப்போக மாமாவுக்குத் துணிச்சல் இல்லை. என்னைத் தன்னோடு அனுப்பும்படி உம்மாவிடம் கேட்டார். உம்மா எனக்குப் பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டாள். மாமாவுக்கு என் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தையோடு வருகிறவனைச் சோதனைச் சாவடியில் சட்டென்று சுட மாட்டார்கள் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்படித்தான் நடந்தது. சிப்பாய்கள் என் சட்டையைப் பார்த்துச் சிரித்து வழி விட்டார்கள். ஏரிக்குப் போகும் வழியில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஓங்கின் குடிசைக் கூரை பாதி எரிந்திருந்தது. அடுப்பில் புல் முளைத்திருந்தது. படகு தண்ணீரில் மூழ்கி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மாமா ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்து "பா! பா!" என்று கத்தினார். பதிலுக்கு மீன்கள்தான் பொளக் பொளக் என்றன. அத்தனை மீனை அந்த ஏரியில் நான் பார்த்ததே இல்லை. நாலு மாதமாகப் பிடிக்க ஆளில்லாமல் பெருகியிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மாமா கரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அலுத்துவிட்டது.

"ஓங்தான் இல்லியே மாமா. நாம புடிக்கலாமா?"

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து குடிசைக்குள் போய், எரியாமல் தொங்கிய வீச்சு வலையை எடுத்து வந்தார். துணி கிழிக்கிற கை, வலை வீசத் தெரியாது. ஆனாலும் இரண்டே வீச்சில் ஐந்து விரால். திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பெரியவரு நல்லா இருக்காரு, அவருதான் மீனு குடுத்து வுட்டாருன்னு மாமிகிட்ட சொல்லணும். என்னால ஆவாது. நீ சொல்லு."

நான் ஜமாய்த்துவிட்டேன். "ஓங்குக்குக் கால்ல மட்டும் கொஞ்சம் வலி மாமி, அதான் வரல. நல்லபடியா கப்பல் ஏறச் சொன்னாங்க. அவங்களே வலை போட்டுப் புடிச்சுக் குடுத்தாங்க" என்றேன். மாமி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

பின்கட்டில் உட்கார்ந்து சாம்பலைத் தொட்டுச் செதிலை உரசினாள். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். முதல் மீனின் வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சினை சரிந்தது. மாமியின் கை நின்றுவிட்டது. அடுத்ததைக் கீறினாள். பிறகு ஐந்தையும் கீறினாள். நாலில் சினை.

"பொரிச்சா நல்லா இருக்கும் மாமி" என்றேன்.

"பா கையால குடுத்தாரா?"

"ஆமா மாமி. அல்லா மேல சத்தியமா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஈரக் கையால் என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "கெட்டிக்காரி" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

புளி போட்டு மீன் சூப் வைத்தாள். சினையைப் பொரித்து என் தட்டில் வைத்தாள். அவள் சாப்பிடவில்லை. மாமா தலை நிமிராமல் தின்றார். அவர் காது செக்கச்செவேலென்று இருந்தது.

விடிந்தபோது மாமி இல்லை. ஆணியில் அவளுடைய ஓலைத் தொப்பியும் இல்லை. கட்டி வைத்த பெட்டி அப்படியே இருந்தது. மாமா ஓடினார். அதற்குள் சாவடியை மறுபடி அடைத்துவிட்டார்கள். தினமும் போய் நின்று கெஞ்சினார். ஒரு நாள் என்னை அனுப்பும்படி உம்மாவிடம் கேட்டார். இந்த முறை உம்மா கொடுக்கவில்லை.

தகப்பன் உயிரோடு கரையில் இருந்தால் அந்தச் சினை விரால் வலைக்கு வந்திருக்காது. மாமிக்கு முதல் மீனிலேயே அது தெரிந்துபோயிற்று. எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று. உள்ளதைச் சொல்லியிருந்தால் அவள் எங்கள் மடியில் விழுந்து அழுதிருப்பாள். நாங்கள் பிடித்து வைத்திருப்போம். பொய்யைக் கேட்டதால் தனியாகத் தேடப் போனாள். மீனைப் பிடிக்கலாமா என்று கேட்டது நான். இந்த வயதிலும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

மாமா கப்பல் ஏறவில்லை. காரைக்காலுக்கு அவரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

கப்பல் ஆற்றில் திரும்பும்போது உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவளைத் தேற்றுவது என் பொறுப்பு என்று பட்டது. ஓங் நன்றாக இருக்கிறார் என்ற என் கதையை விசாரித்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகியிருந்தது.

"ஏன் உம்மா அழுவுறீங்க? மாமி ஓங் வீட்லதானே இருக்காங்க. அங்க இப்ப எவ்ளோ மீனு தெரியுமா!" என்றேன்.

உம்மா என் வாயை அழுத்திப் பொத்தினாள். நல்ல சேதி சொன்னவளை இப்படிச் செய்யலாமா என்று, ஊர் வந்து சேரும் வரை நான் அவளோடு பேசவே இல்லை.