ஐந்தடி நான்கங்குலம்

பெயர்: மரியான் பத்திநாதன். பால்: ஆண். தொழில்: தோட்டத் தொழிலாளி. உயரம்: ஐந்தடி நான்கு அங்குலம். உடல்வாகு: சிறியது. விசேஷ அடையாளங்கள்: இல்லை.

1984 டிசம்பரில் கொட்டகலைக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்துக்குத் தபாலில் வந்த பிரஜாவுரிமைப் பத்திரத்தோடு இணைத்திருந்த விவரத்தாள் இப்படிச் சொல்கிறது. பெயர் சரி, பால் சரி, தொழிலும் சரி. பத்திநாதனின் உயரம் ஆறடி ஐந்தரை அங்குலம். மலையகத்துக் கூடைப்பந்தில் அவரைவிட உயரமானவர் இருந்ததாகக் கேள்வியில்லை. மலையகத்தில் கூடைப்பந்து இருந்தது என்பதைக் கேள்விப்பட்டவர்களும் அதிகமில்லை.

ஐந்தடி நான்கு எப்படி வந்தது என்பது எளிய கதை. அறுபத்தொன்பதில், எந்த நாட்டுப் பிரஜையும் அல்லாத தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கோ இந்தியப் பிரஜாவுரிமைக்கோ மனுப் போட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாத முந்நூறு பேருக்கு மனு நிரப்பும் வேலை பெரிய கிளாக்கர் தலையில் விழுந்தது. அவர் ஒழுங்கான மனிதர். ஒவ்வோர் ஆளாக நிறுத்தி அளக்க நேரமில்லை என்பதால், ஆணென்றால் ஐந்தடி நான்கு, பெண்ணென்றால் நாலடி பதினொன்று என்று ஒரே மாலையில் எழுதி முடித்தார். அந்த வருஷம் அந்தத் தோட்டத்து ஆண்கள் அனைவரும் ஒரே உயரம். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. தாளைப் பார்ப்பவர்கள் ஆளையும் பார்க்கக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

பத்திநாதன் இலங்கைக்கு மனுப் போட்டிருந்தார். பதில் வரும்வரை கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியை இரண்டடி உயரத்துக்குக் கத்தியால் வெட்டிக் குறைக்கும் வேலை அது. ஆறடி ஐந்தரை ஆள் அதற்காக நாள் முழுக்க மடங்கி நிற்க வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலோ ஐந்தரை அடி. ஆகவே காலையில் ஒற்றை அறைக் காம்பராவை விட்டுக் குனிந்து வெளியே வந்தவர், மாலையில் குனிந்து உள்ளே போகும்வரை நிமிர அவசியமில்லாமல் இருந்தார்.

அவரை நிமிர்த்தியவர் முத்துலிங்கம் மாஸ்டர். கொட்டகலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். ஏழு ஆட்களும் ஒரு பந்தும் கொண்ட ஒரு கூடைப்பந்துக் கழகத்துக்குத் தலைவர், செயலாளர், பயிற்சியாளர். எழுபத்திரண்டில் மாதா கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட எல்லாரும் ஏணி தேடிக்கொண்டிருந்தபோது, பத்திநாதன் கையைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போனதை அவர் பார்த்தார்.

“மாஸ்டர், நான் பந்து வெளயாண்டதே இல்லைங்க.”

“யாரு ஒன்னய வெளயாடச் சொன்னா? நடுவுல நில்லு, கையத் தூக்கு. அதுக்குப் பேருதான் சென்டர்.”

கொழுந்து மலையில் செய்தி முன்னதாகவே போய்விட்டது. மறுநாள் பேச்சியம்மா, கொழுந்து எடுத்தபடியே, கேட்டாள்.

“என்னா பத்தி, ஆம்பளைக்கும் கூடை குடுத்துட்டாங்களாமே?”

“அது வேற கூடைக்கா. ஒசரத்துல மாட்டியிருக்கும்.”

“நெறைஞ்சா யாரு எறக்குறது?”

“நெறையாதுக்கா. அதுக்கு அடி இல்ல.”

பேச்சியம்மாவின் கை நின்றது. “அடியில்லாத கூடையா? அதுல பொழுதன்னிக்கும் போட்டு என்னாத்தக் கண்டீங்க? மெதுவாப் பேசு. மேற்பார்வைக்கு வர்ற கண்டாக்கையா காதுல விழுந்துச்சுன்னா எங்களுக்கும் அதையே மாட்டிருவாரு.”

ஆடுகளம் கோயிலுக்குப் பக்கத்துச் சீமெந்துத் தரை. ஒரு பக்கம் பள்ளம். பந்து அந்தப் பக்கம் போனால் தேயிலைக்குள் உருண்டு ஓடைவரை போகும். அதை எடுத்து வரும்வரை இரண்டு அணியும் உட்கார்ந்திருக்கும். பனி இறங்கினால் வளையம் தெரியாது. தெரியாத வளையத்துக்கு நேர் கீழே பத்திநாதன் நிற்பார் என்பதால், அவர் தலையைக் குறிவைத்து எறிந்தார்கள். அவருக்கு ஓட வராது. குதிக்க வராது, தலை எதிலாவது இடிக்கும் என்ற பயம் உடம்பிலேயே ஊறியிருந்தது. காலையில் கங்காணி “குனி, நல்லாக் குனி” என்பார். மாலையில் மாஸ்டர் கோட்டோரம் நின்று “நிமிரு பத்தி, நிமிரு” என்பார். இரண்டு பேரையும் அவர் மதித்தார்.

பதினொரு வருஷம் ஆடினார். கழகம் பெரும்பாலும் தோற்றது. எழுபத்து நான்கில், லயங்களில் அடுப்பு எரியாத மாதங்களில், ஓர் ஆட்டத்தின் நடுவில் கை தூக்கியபடியே விழுந்தார். தூக்கிப் போக ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்; எதிரணியும் கை கொடுத்தது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முன்னமே சொல்லியிருந்தால் ஆட விட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

எழுபத்தாறில் அக்கரப்பத்தனையிலிருந்து பெற்றீசியாவைக் கட்டினார். அவளுடைய அப்பன் குடும்பத்தோடு இந்தியாவுக்கு மனுப் போட்டவர். அவள் பெயரும் அதில் இருந்தது. பத்திநாதனுக்கு இலங்கைப் பத்திரம் கிடைத்தால் மனைவி என்ற முறையில் அவள் இங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஒருநாள் கப்பலேற வேண்டும். கல்யாணத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபத்தெட்டில் அதிசயம் போல ஒன்று நடந்தது. கொழும்பில் ஒரு கம்பனி அணிக்கு சென்டர் தேவைப்பட்டது. மாஸ்டர் அவரைக் கூட்டிப் போனார். ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்தார்கள். பனியில்லாத வளையத்தைப் பக்கத்தில் பார்த்த பத்திநாதன் பதினெட்டுப் புள்ளி எடுத்தார். ஒரு சோடிச் சப்பாத்துக் கொடுத்தார்கள், கால் நுழையவில்லை. வேலை தருகிறோம், பிரஜாவுரிமைப் பத்திரத்தை மட்டும் கொண்டுவா என்றார்கள்.

அதே வருஷம் பிரஜாவுரிமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. கந்தோரில் இருந்த சிங்களத் துரை கோப்பைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

“மே மினிஹா நெமெயி,” என்றார்.

“இது அந்த ஆளு இல்லைங்கிறாரு,” என்றார் மொழிபெயர்ப்பவர்.

“நான்தாங்க ஐயா.”

“அப்ப அஞ்சடி நாலு எங்க?”

“அது கிளாக்கரையா எழுதுனதுங்க.”

“அவரக் கூட்டிட்டு வா.”

“செத்துப் போயிட்டாருங்க.”

ஆள்மாறாட்டம் என்று வழக்குப் போடாதது துரையின் நல்ல குணம். மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. மரியான் பத்திநாதன் என்பவரை முன்னிலைப்படுத்துமாறு மரியான் பத்திநாதனுக்கு அதில் அறிவிக்கப்பட்டிருந்தது. கம்பனி வேறொருவரை எடுத்தது. அவர் மூன்றரை அங்குலம் குட்டை, பத்திரம் இருந்தது.

மேன்முறையீடுகளை மாஸ்டர் எழுதினார். நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தச் சீமெந்துத் தரையில் வீடிழந்தவர்கள் படுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஆட்டம் நடக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் பெற்றீசியாவுக்கு அறிவித்தல் வந்தது: வரும் செப்டெம்பருக்குள் நாட்டைவிட்டு இந்தியாவுக்குப் போக வேண்டும். ஆறு வயது மகள் அந்தோனியம்மாவும் தாயின் இந்தியப் பத்திரத்தில்தான் இருந்தாள். பத்திநாதன் பெயர் எந்த நாட்டுத் தாளிலும் இல்லை. கூடப் போகவும் முடியாது.

மார்ச் மாதம் இரண்டாவது விசாரணை. அதற்கு முதல் நாள் பெற்றீசியா சொன்னாள்:

“அந்தாளு மாதிரி நின்னா என்னா?”

“எந்தாளு?”

“தாளுல இருக்குற ஆளு. அவனுக்குத்தான் குடுப்பாங்க. ஒங்களுக்குக் குடுக்க மாட்டாங்க.”

“பதிமூணரை அங்குலம், பெற்றீசியா.”

“கவ்வாத்து மலையில அதவிடக் கொறைஞ்சுதான நிக்கிறீங்க. அங்க நிக்கலாம், எங்களுக்காக நிக்கக் கூடாதா?”

மறுநாள் காலையில் பத்திநாதன் கணுக்கால் மறைய லுங்கி போல ஒரு சாரம் உடுத்தினார். அகலமான சாரம், மாமனாருடையது.

கந்தோரில் துரை புதியவர். சுவரில் அளவுப் பலகை இருந்தது; பத்திநாதன் அதை ஒட்டி நின்றார். மாஸ்டர் கதவோரம் நின்றார். பதினொரு வருஷமாகச் சொன்ன வார்த்தையை அன்று சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை. துரை பலகையைப் பார்த்தார். தரையில் கிடந்த சாரத்தைப் பார்த்தார். சின்ன உடம்புக்காரனின் பெரிய தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் “ஹரி,” சரி என்று சொல்லி எழுதினார்.

பத்திரம் ஏப்ரலில் வரவில்லை, ஓகஸ்டிலும் வரவில்லை. செப்டெம்பரில் கொட்டகலை ஸ்டேஷனில் பெற்றீசியா மகளோடு ரயில் ஏறினாள். “பத்திரம் வந்த ஒடனே எழுதுங்க,” என்றாள். ஜன்னலோடு பேச அவர் குனிந்து நின்றார். ஒக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஓடிய கப்பல் நின்றுபோனது. டிசம்பரில் பத்திரம் வந்தது. உடனே எழுதினார். அந்தக் கடிதம், முகவரிக்குரியவர் அங்கே இல்லை என்ற குறிப்போடு ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பிறகு எழுத வேறு முகவரி கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் சீமெந்துத் தரையைக் கழுவிவிட்டுப் புது வலை கட்டினார்கள். மாஸ்டர் லயத்துக்கே போய்க் கூப்பிட்டார்.

“அஞ்சடி நாலுக்கு சென்டர்ல என்னாங்க மாஸ்டர் வேலை?” என்றார் பத்திநாதன். சிரிக்கவில்லை. மாஸ்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

1984 மார்ச் பதினான்காம் தேதி, ஒரு கந்தோர்ச் சுவரோரம், சாரத்துக்குள் இரண்டு முழங்காலையும் மடக்கி, துரை எழுதி முடிக்கும்வரை பத்திநாதன் அசையாமல் நின்றார்.