பிரியாணிக்கு முன் ஒரு பாட்டு

பதினெட்டு வயது முடிந்ததும் அநாதை இல்லத்தில் ஒரு வாளி, ஒரு தலையணை, அரை மணி நேர அறிவுரை தந்து வழியனுப்பினார்கள். இனி நான் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாம். அதுவரை யார் காலில் நின்றேன் என்று கேட்கவில்லை. தலையணையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன செய்வது?

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை உடனே கிடைத்தது. அசெம்பிளி லைனில் நிற்க அப்பா அம்மா தேவையில்லை. மண்ணூரில் வாடகை அறைக்குத்தான் தேவைப்பட்டார்கள். இல்லத்துப் பெண் என்று உண்மையைச் சொன்ன வீடுகளில் எல்லாம், அறை அப்போதுதான் வேறு யாருக்கோ போயிருந்தது. கடைசி வீட்டில் எனக்குப் புத்தி வந்தது. "அப்பா அம்மா திருவண்ணாமலைப் பக்கம் விவசாயம்க்கா" என்றேன். இந்த வருஷம் நல்ல மழை என்றும் சேர்த்துக்கொண்டேன். அறை கிடைத்தது. ஹவுஸ் ஓனர் அக்கா அவர்களை அடிக்கடி விசாரிப்பார். நானும் அவர்களை நலமாகவே வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனுக்குப் பிறந்தநாள். தட்டு நிறையப் பிரியாணியோடு வந்து கதவைத் தட்டினார். இல்லத்தில் நல்ல சோறு என்றால் அன்று வெளியே யாருக்கோ பிறந்தநாள் என்று அர்த்தம். வரிசையில் நின்று, கைகூப்பி, கொடுத்தவர் குடும்பம் வாழ்க என்று பாடி முடித்தால்தான் சோற்றில் கை வைக்கலாம். பசியில் அவசரமாகப் பாடினால் மறுபடியும் முதலிலிருந்து. சின்ன வயதுப் பழக்கம் விடுமா? தட்டைக் கண்டதும் என் கை தானாகக் குவிந்தது. முழுப் பாட்டையும் ராகம் தப்பாமல் பாடிவிட்டேன்.

அக்கா திகைத்து நின்றார். "இன்னாம்மா இது? நீ ஹோம்ல வளந்த பொண்ணா?"

தலையாட்டினேன். பயத்தில் அன்றே துணிமணிகளை மூட்டை கட்டி வைத்தேன்.

ஆனால் அக்கா காலி செய்யச் சொல்லவில்லை. அவருக்குப் பெரிய மனசு. எவ்வளவு பெரிசு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார். அடுத்த மாதம் அவர் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். தட்டோடு மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் என்று ஒரு கூட்டமே என் வாசலில் நின்றது. நாத்தனார் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தப் பாட்டப் பாடும்மா. இவுங்கல்லாம் கேக்கணும்னு வந்துகிறாங்க."

இந்த அறையும் போனால் யாரிடம் போய் நிற்பது? மூட்டை கட்டிய நாளைவிட அதிகம் பயந்தேன். அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"எனக்குப் பசியில்லக்கா" என்றேன். சோற்றை வேண்டாம் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரிய மனசு அங்கேயே சுருங்கியது. "இன்னா கொழுப்பு! மாசம் பொறந்ததும் ரூம காலி பண்ணிடு."

"சரிக்கா" என்று கதவைச் சாத்தினேன். காலையில் வடித்த சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை அழுகையாக வந்தது. சோறு நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.