நாடா வெட்டாத காம்பரா

பஹ்ரைனில் இருக்கும் முஹர்ரக் நகரத்தின் பழைய தெருக்களை நான் இரண்டு முறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பத்து வயது. இலங்கையில், நிவித்திகலப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், புகைக்கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி பார்த்தேன். எங்கள் லயத்துக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்தச் சுவர்தான். லயம் என்றால் குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு காம்பரா, என்று வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. ரப்பர் ஷீட் புகையில் காயும் நாற்றத்தோடுதான் அம்மாவின் குரல் எங்களுக்கு வந்து சேரும்.

அம்மா பஹ்ரைனில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். போய் இரண்டு வருடம் முடியப்போகிற சமயம் அது. வீட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். அம்மாவும் இருக்கிறேன் என்றாள். என்னை இரத்தினபுரியில் விடுதியில் விட்டுப் படிக்கவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பைத்தியம். எனக்கோ அம்மா வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப்போகாது என்பது என் கட்சி. அப்பாவும் என் கட்சிதான், ஆனால் வெளியே சொல்ல மாட்டார். அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை, பிடிவாதம் பிடிக்கிற ஆள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“அவ படுக்கிற எடத்த நான் பாக்கணும். பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் வேலைக்காரர்கள் படம் தெரிகிற மாதிரி போன் பேசக் கூடாதாம். ஆகவே அம்மா வெறும் குரலாகவே வந்துகொண்டிருந்தாள். வீடு பெரிசு, காம்பரா வசதி என்பாள். கட்டில் இருக்கிறதா என்று அப்பா கேட்பார். இருக்கிறது இருக்கிறது என்று அவசரமாகச் சொல்லிவிட்டு என் படிப்பை விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். லயத்தில் வாய்கள் சும்மா இருக்குமா? அங்கே எப்படி இருக்கிறாளோ, என்ன பாடுபடுகிறாளோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அவற்றில் ஒன்றைக்கூடச் சிந்தாமல் கொண்டுவந்து எங்கள் அடுப்படியில் இறக்கிவைப்பாள்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எங்கள் தோட்டத்தில் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. மண் சரியும் என்று பயமுறுத்தப்பட்ட மேல் லயத்துக்காரர்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்காக முதல் வீட்டு வாசலில் சிவப்பு நாடா கட்டப்பட்டது. புதுச் சுவரில் அடித்த ஆணி நிற்க மறுத்துக் கழன்று விழுந்ததால், நாடாவின் ஒரு முனையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரதம அதிதி வந்து சேரும்வரை, காலையிலிருந்து மத்தியானம் வரை, அப்பா ஆணியாக நின்றார். அதிதி வந்தார், வெட்டினார், பின்னால் ஒரு கூட்டம் உள்ளே போயிற்று. ஒருவர் கையை நீட்டி நீட்டி இது காம்பரா, இது குசினி, இங்கேதான் சமையல் என்று விளக்கினார். குழாயைத் திருகிப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை. மிகவும் நல்லது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அவ்வளவு நேரமும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டை ஊரார் கூட்டமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் நாங்கள் படித்துக்கொண்டோம். அந்தப் படிப்புதான் பிறகு எங்கள் காலை வாரிவிட்டது.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, விளக்கு வைக்கிற நேரம், போன் அடித்தது. எடுத்தால் படம்! கறுப்பு முக்காட்டுக்குள் அம்மாவின் முகம். இடுப்பில் யார் வீட்டுக் குழந்தையோ. இங்கே இருட்டிக்கொண்டு வருகிறது, அங்கே இன்னும் வெயில் அடிக்கிறது. நான் போட்ட கூச்சலில் பாதி லயம் புகைக்கூடத்துக்கு ஓடிவந்துவிட்டது. அப்பா கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார்.

வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், மேடம் அவர்களோடு முன்னால் போகிறாள், தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று அம்மா கிசுகிசுத்தாள். அதற்கு மேல் பேச முடியாது என்று சைகை காட்டிவிட்டு, போனைத் திருப்பிப் பிடித்தாள். வெளிறிய மஞ்சள் சுவர்கள். பூ வேலை செய்த பெரிய மரக் கதவு. அதைத் தாண்டி ஒரு முற்றம். நடுவில் பேரீச்சை மரம். காற்றைப் பிடித்துக் கீழே அனுப்புவதற்காகக் கூரைக்கு மேல் எழுந்த ஒரு கோபுரம். ஒரு மனிதர் பின்பக்கமாக நடந்தபடியே கையை நீட்டி நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் தலையை ஆட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள்.

அத்தைக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. “வீடு பாக்க ஆளுங்க வந்திருக்காங்க. நம்ம மேல் லயத்துக்கு வந்தாங்கல்ல, அதே மாதிரி.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. பார்த்தால் அப்படியேதான் இருந்தது. அங்கே அந்த மனிதர் விளக்கினார். இங்கே அத்தை விளக்கினாள். இது ஆட்கள் வந்தால் உட்காருகிற இடம், அதனால்தான் இத்தனை மெத்தை. இது குசினி, நம் காம்பராக்கள் இரண்டைச் சேர்த்தால்கூட இந்தளவு வராது. டிவியைக் காணோமே என்று யாரோ சந்தேகம் கிளப்பினார்கள். பெரிய வீடுகளில் அதையெல்லாம் அலுமாரிக்குள் மறைத்து வைப்பார்கள் என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டாள்.

பிறகு படம் ஒரு அறை வாசலில் வந்து நின்றது. உள்ளே நான்கு தூண் வைத்த கட்டில், அதன்மேல் சிவப்பு விரிப்பு, கால்மாட்டில் பித்தளை பதித்த பெட்டி. வாசலுக்குக் குறுக்கே சிவப்பாக ஒன்று கட்டியிருந்தது.

“நாடா!” என்றாள் அத்தை. “இன்னும் தெறக்காத காம்பரா, பாருங்க. புதுசா கட்டியிருக்காங்க.” போனுக்குள் தலையை விட்டுக் கேட்டாள்: “இந்தக் காம்பரா யாருக்கு, புள்ள? ஒனக்கா?”

படம் அந்தக் கட்டில்மேலேயே நின்றது.

“அவரு அங்கதான் இருக்காரா அண்ணி?”

“இங்கதான் நிக்கிறான்.”

“ஆமா அண்ணி. எனக்குத்தான்.”

லயமே ஒரு பெருமூச்சு விட்டது. நான் கும்பலைப் பிளந்துகொண்டு முன்னால் போய், கட்டிலில் உட்கார்ந்து காட்டச் சொல்லிக் கத்தினேன். “நாடா வெட்டுன பொறகுதான் ஒக்காரணும் கண்ணு” என்றாள் அம்மா. சரியான பேச்சு. மேல் லயத்திலும் அதுதானே சட்டம்.

அப்பா போனைக் கையில் வாங்கினார். ரப்பர் மரத்தில் வெட்டுக்காயத்தைப் பார்ப்பதுபோல முகத்தருகே வைத்துப் பார்த்தார். “ஹரி” என்றார், சிங்களத்தில் சரி என்று. கொஞ்சம் பொறுத்து, “நல்லா இருக்கு. இருந்துட்டு வா” என்றார். அங்கே யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள், படம் போய்விட்டது.

எனக்குப் பெருமை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. அப்படி ஒரு கட்டில் கிடைத்ததும் அம்மாவுக்கு நாங்கள் வேண்டாமல் போய்விட்டோம் என்று முடிவு செய்தேன். பிறகு அவள் பேசிய ஒவ்வொரு தடவையும் நாடா வெட்டியாயிற்றா என்று கேட்பேன். வெட்டுவதற்கு ஒரு பெரிய மனிதர் வரவேண்டும், இன்னும் வரவில்லை என்பாள். பெரிய மனிதர்கள் தாமதமாகத்தான் வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் நம்பினேன்.

அந்த வாரமே அப்பா தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, சிமெந்துத் தரையில் பாயை விரித்துக்கொண்டார். எங்கள் பக்கத்து மழையில் தரை வேர்க்கும். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அத்தை ஏசினாள். பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போகப்போகிறது, அதற்கு ஒரு கட்டில் வேண்டாமா என்றார் அப்பா. எனக்குச் சேரவேண்டிய மரியாதைதானே என்று நானும் ஏறிப் படுத்துக்கொண்டேன். நான் விடுதிக்குப் போன பிறகும் அவர் பாயை விடவில்லையாம். கட்டில் சும்மா கிடக்கிறது, மனுசன் தரையில் கிடக்கிறான் என்று நான் வரும்போதெல்லாம் அத்தை புலம்புவாள்.

இரண்டாவது முறை போன வருடம். அம்மாவின் பைத்தியம் பலித்து, பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. விடுமுறை நாளொன்றில் கூட வேலை செய்கிறவர்களோடு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு முஹர்ரக்கைச் சுற்றினோம். சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முன்னால் போனார். முத்துக் குளித்தவர்களைப் பற்றியும், கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லால் எழுப்பிய சுவர்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். நான் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வரிசையில் கடைசியாக நடந்தேன். மூன்றாவதாக நுழைந்தது ஒரு முத்து வியாபாரியின் வீடு. முற்றத்தில் கால் வைத்ததுமே எனக்குப் புகைக்கூடத்து நாற்றம் அடித்தது. பேரீச்சை மரம், கோபுரம், குசினி, மெத்தைகள். அந்த வாசல். சிவப்புக் கயிறு, அதன் நுனியில் பித்தளைக் கொக்கி. தயவுசெய்து கயிற்றைத் தாண்டாதீர்கள் என்றார் வழிகாட்டி. இந்தக் கட்டிலில் பல தலைமுறையாக யாரும் படுத்ததில்லை என்றும் சொன்னார்.

எல்லோரும் அடுத்த அறைக்குப் போனபிறகு அம்மாவை அழைத்து, போனைத் திருப்பிக் காட்டினேன். அவள் இப்போது வீட்டோடு இருக்கிறாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இன்னும் வெட்டலையா?”

அப்படியானால் எங்கேதான் படுத்தாய் என்று கேட்டேன். துணி தேய்க்கிற அறையில், மெஷினுக்குப் பக்கத்தில், தரையில்தான் என்றாள். நல்ல இடந்தான், குளிர் தெரியாது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னாள். அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டாய் என்றேன்.

பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது. “அரை நாள் நாடாவப் புடிச்சிக்கிட்டு நின்னவன் நான். நாடா எது, கயிறு எதுன்னு எனக்குத் தெரியாதா?”

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவளுக்கும் இது புதுச் செய்தி. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வழிகாட்டி கொடியை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. விடுமுறைக்கு வீட்டில் இருந்தேன். அன்றைக்குத்தான் அப்பா பாயைச் சுருட்டி மேலே போட்டார். கட்டில் மறுபடியும் அவர்களுடையதாகிவிட்டது. வந்ததும் வராததுமாக என் கட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள் என்று நான் அந்த விடுமுறை முடிகிறவரை அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.