கல் எண் 1

14.3.2019 – பூ வேன். மூலைப் பூச்சு: ரூ. 850
2.11.2019 – தண்ணீர் லாரி. செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி: ரூ. 1,900
19.8.2021 – குப்பை வண்டி: ரூ. 2,300
7.1.2023 – மறுபடியும் பூ வேன்: ரூ. 4,200
11.1.2023 – கருங்கல் ஒன்று, இறக்குக் கூலி உட்பட: ரூ. 600
12.1.2023 முதல் 30.6.2024 வரை – செலவு இல்லை

கிதர் முகம்மதுவின் நோட்டில் இந்த ஆறு வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. திண்டுக்கல் தோல் மண்டி ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் சரக்குக் கணக்கு எழுதியவர் அவர். எண் போடாத பொருள் அவருக்குப் பொருளே அல்ல. வீட்டில் பீரோ 1, மின்விசிறி 3, குடை 2. குடை 1 பஸ்ஸில் தொலைந்த தேதியும் உண்டு.

வீடு தெருத் திருப்பத்தில் இருந்தது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றிவரும் வேன்கள் மார்க்கெட்டுக்குக் குறுக்கு வழியென்று அந்தத் தெருவில் புகுந்து, வளையும்போது பின்சக்கரத்தால் வீட்டு மூலையை இழைத்துவிட்டுப் போகும். சுவருக்கு உட்புறம் அவர் மனைவி பக்ருன்னிசாவின் தையல் மிஷின். நான்காவது இடியில் ஒரு செங்கல் பெயர்ந்து வந்து, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் மேல் உட்கார்ந்தது. நாலாம் நாள் கிதர் பாய் எதிர்வீட்டு வேலுசாமியிடம் கடப்பாரை இரவல் வாங்கி, மூலையில் முழங்கால் உயரக் கருங்கல் ஒன்றை நட்டார். சக்கரம் முட்டினால் கல்லோடு போகட்டும். நட்டு முடித்ததும், வழக்கப்படி சிவப்புப் பெயிண்டில் 'எண் 1' என்று எழுதினார்.

அதுதான் வினையாயிற்று.

சாக்கடை கட்டுவதற்காகத் தெருவை அளக்க வந்த சர்வேயர் மணிமாறன், பழைய எல்லைக்கல்லைத் தேடிக் காலை முழுக்க வியர்த்தார். வரைபடத்தில் இருந்தது, தெருவில் இல்லை. கிதர் பாயின் மூலையைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. கல்லும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. அங்கிருந்தே டேப்பை இழுத்தார். கல், சுவரைவிட்டுப் பதினொரு அங்குலம் தெருவுக்குள் நின்றதால், எதிரே வேலுசாமியின் வாசற்படி அரசு நிலத்தில் பதினொரு அங்குலம் ஏறியிருப்பதாகக் கணக்கு வந்தது. படியில் பெருக்கல் குறி போட்டார்கள்.

"சார், அது பாய் நட்ட கல்லு. கடப்பாரை குடுத்ததே நாந்தான்" என்றார் வேலுசாமி.

"கல்லுக்கு நம்பர் இருக்கு. உங்க படிக்கு என்ன இருக்கு?"

"எனக்கு முட்டி வலி இருக்கு. படி போச்சுன்னா ஏணி வச்சுத்தான் வீட்டுக்குள்ள போகணும்."

சர்வேயர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. போகும்போது, "உங்களுக்கு நல்ல சேதி பாய். வீடு பதினொரு அங்குலம் கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பக்ருன்னிசா ஆரம்பித்தார். "கல்லு நம்மளதுன்னு சொன்னீங்கன்னா பிடுங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் வேன் என் மடியிலதான் வந்து திரும்பும்."

"நோட்டுல தேதி இருக்கே, பக்ரு."

"நோட்டுல இருக்கறது உங்களுக்கும் படைச்சவனுக்கும்தான் தெரியும். அவன் யார்கிட்டயும் போய்ச் சொல்லமாட்டான்."

கிதர் பாய் சோற்றை முடித்துக் கை கழுவினார். 3.6.2024 அன்று சர்வேயரின் அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினார். கல்லின் விலை, இறக்குக் கூலி, கடப்பாரை வாங்கிய நேரம், திருப்பிக் கொடுத்த நேரம், மிச்சமான பெயிண்ட் எல்லாம் அதில் இருந்தன. இருபத்துமூன்றாம் நாள் பதில் வந்தது: 'தங்கள் நோட்டு அரசுப் பதிவேடு அல்ல. கல் அரசுக்குரியது. எதிர்வீட்டுப் படி 8.7.2024 அன்று அகற்றப்படும்.'

இரண்டு முறை படித்து நிமிர்ந்தார். பக்ருன்னிசா தையல் மிஷினை எதிர்ச்சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார். வேறு அனுமதி கிதர் பாய்க்குத் தேவைப்படவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி காலை பத்தரைக்கு, தெருவே பார்த்து நிற்க, அதே கடப்பாரையால் கல்லைக் கிளப்பினார். வேலுசாமியும் ஒரு கை கொடுத்தார்.

"கவர்மெண்டு கல்லு பாய். உள்ள தூக்கிப் போட்டா ரெண்டு பேரையும் ஒரே ரூம்லயா போடுவாக?"

"எந்த ரூம்ல போட்டாலும் அதுக்கு நம்பர் இருக்கும். எனக்குக் கவலையில்ல. அழுத்துங்க."

கல்லை வீட்டுக்குள் உருட்டிப் பீரோ 1-க்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

எட்டாம் தேதி இடிக்கும் ஆட்களோடு மணிமாறன் வந்தார். இடிக்குமுன் மறுபடி அளக்கவேண்டும் என்பது விதி. கல்லைக் காணோம். வேறு வழியின்றி கிதர் பாயின் சுவரிலிருந்தே டேப்பைப் பிடித்தார். படி அரசு நிலத்தில் அரை அங்குலம்கூட இல்லை. பெருக்கல் குறியை அழிக்க உத்தரவு இல்லையென்று அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

19.7.2024 – பூ வேன்: ரூ. 1,100. மிஷின் இடம் மாறியிருந்ததால் பக்ருன்னிசாவுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கால் பெடலிலிருந்து தானாக எழும்பியது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கிதர் பாய்க்குத் தெரியவில்லை.

சாக்கடை கட்டி மூடியானபின், அதே அலுவலகத்தின் வேறொரு பிரிவிலிருந்து பதிவுத் தபால் வந்தது. கிதர் பாய் வாசலில் நின்று உரக்கப் படித்தார். 'தங்கள் வீட்டு மூலையிலிருந்த நில அளவைக் கல் எண் 1 காணப்படவில்லை. அதனை உடனே இருந்த இடத்திலேயே நட்டு, பெயர்ந்துவிடாமல் பாதுகாப்பது தங்கள் பொறுப்பு. தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வேலுசாமி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கடப்பாரை எடுக்க உள்ளே போனார். உள்ளே மிஷின் பழைய இடத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. கிதர் பாய் நோட்டைப் பிரித்தார்.

கடிதம் வந்த தேதி: 21.11.2024.