எட்டு டிராக்கும் ஒரு காலி இடமும்

கல்யாணமான புதிதில் நான் பொறாமைப்பட்டது ஒரு கீபோர்டின் மேல். என் கணவர் பகலில் நாகர்கோவிலில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை பார்த்தார். மாலையில் இசைக்குழு. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். கடையிலிருந்து நேரே ஒத்திகைக்குப் போய், பேச வேண்டியதையெல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜில் என்ன விசேஷம் என்று கேட்பார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் விரல்கள் மேசைமேல் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் துபாய்க்கும் வயலின்காரர் மஸ்கட்டுக்கும் வேலைக்குக் கிளம்பினார்கள். போவதற்கு முன் எல்லோருமாக ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, குழுவின் பாட்டுகளை எட்டு டிராக்குகளாகப் பதிவுசெய்தார்கள். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி ஃபைல். மேடையில் எட்டும் சேர்ந்து ஓடினாலும், யார் இல்லையோ அவருடையது மட்டும் வெளியே கேட்க வேண்டும். யாராவது லீவில் ஊருக்கு வந்திருந்தால் அவருடைய டிராக்கின் சத்தத்தை நிறுத்திவிட்டு அவரையே வாசிக்கவைக்க வேண்டும். அதற்கேற்ற மாதிரி எட்டு வழியாகவும் ஒலியைத் தனித்தனியே அனுப்பும் ஒரு சவுண்ட் கார்டை என் கொழுந்தன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஆனால் கிடைத்த மென்பொருள்கள் எல்லாம் ஸ்டூடியோவில் சாவகாசமாக உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கானவை. ஒரு கையால் கீபோர்டு வாசித்துக்கொண்டே மறுகையால் அவற்றை இயக்க இவரால் முடியவில்லை.

மேடைக்கென்றே ஒரு பிளேயர் மென்பொருளை நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். அவருடைய இசைக்குள் நான் நுழைவதற்குக் கிடைத்த முதல் வாசல் அது.

பாலிடெக்னிக் விட்டு வந்து, சாயங்காலம் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து எழுதினேன். இரண்டு டிராக்குகளை ஓடவிட்டபோது அழகாக ஓடின. அன்றைக்கு அவர் ஒத்திகைக்குக்கூடப் போகவில்லை. பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டையும் சேர்த்து ஓடவிட்டபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. பாட்டின் நடுவே திடீர் திடீரென்று ஒரு ‘டிக்’ சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இப்ப ஒண்ணு வந்துது” என்பார். எனக்குப் பாதி நேரம் கேட்கவே கேட்காது. என்னென்னவோ மாற்றிப்பார்த்தேன். வாரங்கள் போனதே தவிர டிக் போகவில்லை. ஏன் வருகிறது என்று நான் விளக்கத் தொடங்கினால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். நாற்காலி பழைய இடத்துக்கே போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கல்லூரித் தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. பிஎஸ்ஸி இயற்பியலில் இருவரும் ஒரே வகுப்பு. கலைவிழாக்களில் இவர் வாசிக்க அவள் பாடியிருக்கிறாள். பிறகு எம்சிஏ படித்து, பெங்களூரில் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். தம்பி கல்யாணத்துக்காக நீண்ட லீவில் வந்திருந்தவள், நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு படியேறும்போதே “ஏலே” என்று இவரைக் கூப்பிட்டாள். அப்படி ஒருவர் கூப்பிட்டு இவர் முகம் மலர்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. என்னை மைனி, அதாவது அண்ணி, என்றாள். என்னைவிட மூத்தவள்தான், தோழனின் மனைவி என்ற முறைக்காக அப்படிச் சொன்னாள். எனக்கு அந்த முறையும் பிடிக்கவில்லை.

நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது அவர் எங்கள் பிளேயரை அவளுக்குப் போட்டுக் காட்டினார். நான் தட்டோடு வந்தேன். முதல் டிக் வந்ததுமே அவள் என்னைப் பார்த்தாள்.

“டிஸ்க்குல இருந்து நேரா எடுத்துக் குடுக்கீங்களா மைனி?”

ஆமாம் என்றேன். அவ்வளவுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே இவருக்கு விளக்கினாள். சவுண்ட் கார்டு ஒரு நொடிகூடக் காத்திருக்காது. ஹார்ட் டிஸ்க்கோ எட்டு ஃபைல்களுக்கு மாறி மாறி ஓடும்போது அவ்வப்போது தாமதிக்கும். தாமதித்தால் டிக்.

“கரண்டு வரும்போ மோட்டாரு தண்ணி ஏத்துகு. ஆனா கொழாய எப்பத் தொறந்தாலும் தண்ணி வருகு. நடுவுல தொட்டி இருக்கதுனாலதானலே? அதே மாதிரி ஒவ்வொரு டிராக்குக்கும் நடுவுல ஒரு தொட்டி வைக்கணும்.”

“கொள்ளாமே” என்று வியந்தார் இவர். கொட்டாவி வரவில்லை.

அந்தத் தொட்டிக்கு ரிங் பஃபர் என்று பெயர். வரிசையாகச் சில இடங்கள். ஒரு பக்கம் டிஸ்க்கிலிருந்து ஒலியைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே போக வேண்டும். இன்னொரு பக்கம் சவுண்ட் கார்டு பின்னாலேயே வந்து எடுத்துக்கொண்டே போகும். கடைசி இடம் வந்ததும் இரண்டுமே முதல் இடத்துக்குத் திரும்பி, ஒரு வளையம்போலச் சுற்றிச் சுற்றி வரும். இதைத்தான் நான் வருஷந்தோறும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு சர்க்குலர் க்யூ என்ற பெயரில் கரும்பலகையில் வரைந்து நடத்துகிறேன். பரீட்சைக்குக் கேள்வியும் எடுத்திருக்கிறேன். என் வீட்டு மேசைமேல் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஒரே ஒரு டிக் போதுமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து, இவரோடு பழைய கதைகள் பேசிச் சிரித்துக்கொண்டே, அந்தப் பகுதியை என் கம்ப்யூட்டரில் எழுதினாள். பேச்சும் நிற்கவில்லை, விரலும் நிற்கவில்லை. எழுந்து போகும்போது, “சேத்துப் பாருங்க மைனி” என்றாள். சேர்த்தேன். எட்டு டிராக்கும் ஓடின. டிக் இல்லை. இவர் பாட்டு முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்ததும் ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். நான் எடுத்துவைத்த தோசை ஆறிப்போனது.

அடுத்த சில நாட்கள் எனக்கு நன்றாக இல்லை. அவள் எழுதியதை வரி வரியாக வாசித்தேன். வேண்டாதவளின் புதுப்புடவையில் கறை தேடுவதைப்போலத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னதாக, சுத்தமாக இருந்தது. என்னால் இவ்வளவு சின்னதாக எழுத முடியாது என்பதுதான் மேலும் எரித்தது. பாலிடெக்னிக்கில் சக ஆசிரியை ஒருத்தி பிளேயர் முடிந்துவிட்டதா என்று கேட்டபோது, முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். யார் முடித்தது என்று அவள் கேட்கவில்லை; அந்த மட்டும் நிம்மதி.

அவள் ஊர்த் திருவிழாவில் இவருடைய குழுவின் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதற்கான ஒத்திகையில் புதிதாக ஒன்று நடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வயலின் டிராக்கில் மட்டும், சற்றுமுன் வாசித்து முடித்த துண்டு மறுபடியும் ஒருமுறை ஒலித்தது. பிறகு ஒழுங்காகிவிட்டது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் தபலாவில் வந்தது.

வீட்டுக்கு வந்தவர் என்னிடம் கேட்டார், “அவ எழுதுனதுல நீ ஏதாவது மாத்துனியா?”

இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அவளிடம் ஃபோனில் பேசிவிட்டு, நாளைக்குச் சாயங்காலம் அவள் வந்து பார்ப்பாள் என்றார். அந்த ஒரு கேள்வி எனக்குள் போய்த் தைத்துக்கொண்டது. அவள் எழுதியதில் தவறு இருக்காது, இருந்தால் அது நான் கைவைத்ததால்தான் என்பதுதானே அதன் அர்த்தம். அவள் வருவதற்குள் நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் கடைசி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபிறகு நான் வகுப்பிலேயே இருந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதைக் கட்டங்களாகப் பிரித்தேன். நிரப்புகிற இடத்துக்கு ஓர் அம்புக்குறி, எடுக்கிற இடத்துக்கு ஓர் அம்புக்குறி. இரண்டையும் அழித்து அழித்து நகர்த்தினேன். இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து நின்றபோது நானும் நின்றுவிட்டேன். இப்போது தொட்டி காலியா, நிறைந்திருக்கிறதா? நிரப்பியதையெல்லாம் எடுத்து முடித்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஒரு சுற்று முழுக்க நிரப்பிவிட்டாலும் அப்படியேதான். இந்தக் குழப்பம் வராமலிருக்க அவள், எத்தனை கட்டங்கள் நிறைந்திருக்கின்றன என்று ஓர் எண்ணிக்கை வைத்திருந்தாள். நிரப்புகிறவர் அதைக் கூட்டுவார், எடுக்கிறவர் குறைப்பார். இருவரும் அந்த எண்ணின்மேல் ஒரே கணத்தில் கைவைத்தால்? ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். எண் தப்பாகிவிடும். காலித் தொட்டியை நிறைந்த தொட்டி என்று நம்பி, சவுண்ட் கார்டு பழைய ஒலியையே மறுபடியும் எடுக்கும். வயலின் இரண்டாம் முறை ஒலித்தது இப்படித்தான்.

சாக்பீஸை வைத்துவிட்டு, பலகையைக்கூட அழிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவள் தவறு செய்திருக்கிறாள் என்ற மகிழ்ச்சி அதைவிடப் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணிக்கையையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கட்டத்தை எப்போதும் காலியாக விட்டேன். இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் இருந்தால் தொட்டி காலி. நிரப்புகிற குறிக்கு அடுத்த கட்டத்திலேயே எடுக்கிற குறி நின்றால் நிறைந்துவிட்டது. நிரப்புகிறவர் தன் குறியை மட்டும் நகர்த்துவார், எடுக்கிறவர் தன்னுடையதை மட்டும். பொதுவாக இருவரும் தொட ஒன்றுமே கிடையாது.

அவள் வந்தபோது இவரும் கடையிலிருந்து வந்துவிட்டிருந்தார். நான் திரையைக் காட்டி விளக்கினேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். அவள் முகம் சுருங்கும், ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“கம்பெனிலயும் நான் இப்பிடித்தானே மைனி எழுதி வச்சிருக்கேன்.”

உடனே ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் பெங்களூருக்குப் பேசினாள். அங்கே அது ஒற்றை ப்ராசஸர் உள்ள பழைய கருவியில் ஓடியது, அதில் இருவரும் ஒரே கணத்தில் கைவைப்பது அபூர்வம், அதனால் இதுவரை வெளியே தெரியவில்லையாம். புதுக் கருவியில் போட இருந்தார்களாம். திரும்பி வந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெட்கமோ வருத்தமோ அவளிடம் மருந்துக்கும் இல்லை. நான் பஸ்ஸிலிருந்தே கொண்டுவந்திருந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தவறு கண்டுபிடிக்கப்பட்டால் இப்படிச் சிரிக்க எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

எல்லாம் முடிந்ததும் இவர் அவளிடம் கேட்டார், “அப்ப செரியாயிட்டுதா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க? மைனிட்ட கேளு.”

இவர் என்னிடம் கேட்டார். சரியாகிவிட்டது என்றேன்.

திருவிழாவன்று கச்சேரி மாலை வெயிலிலேயே தொடங்கிவிட்டது. சர்ச்சுக்கு முன்னால் மணலில் மேடை. பின்னால் கடல். நான் மேடைக்குப் பின்பக்கம், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளின் மறைவில், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு டிராக்கும் பிசிறில்லாமல் ஓடின. துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தவர்கள் மேடையிலேயே இருந்து வாசிப்பதைப்போல ஜனங்கள் கேட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு முன் இவர் மைக்கைப் பிடித்து, பெங்களூரிலிருந்து வந்து நம்முடைய பிளேயரைச் சரியாக்கித் தந்த இந்த ஊர்த் தோழிக்கு நன்றி என்றார். ஊரே கைதட்டியது. பெட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பைக்கில் திரும்பினோம். தென்னந்தோப்புகளைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறிய பிறகு கேட்டுவிட்டேன்.

“எம்பேரச் சொல்ல ஒங்களுக்குத் தோணலியா?”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “நீ வீட்டாளுல்லா? வீட்டாளுக்கு ஆராவது மைக்குல நன்றி சொல்லுவாவளா?”

அதில் பொய் இல்லை. வீடு வந்துசேரும்வரை வீட்டாள் என்ற அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அன்பாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது.

அவள் பெங்களூர் போனபிறகு எனக்கு மின்னஞ்சல் வந்தது. தான் எழுதிய வேறொரு பகுதியை அனுப்பி, இதில் ஏதாவது தப்பு தெரிகிறதா என்று பாருங்கள் மைனி என்று கேட்டிருந்தாள். அன்றைக்கே வாசித்தேன். ஒரு தவறு இருந்தது, எழுதி அனுப்பினேன். பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு வருஷத்தில் அவள் கம்பெனியே அந்த வேலையை எனக்கு முறைப்படி கொடுத்தது. பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கினேன். இவர் எனக்காக ஒரு நல்ல நாற்காலி வாங்கிவந்து போட்டார். யார் கேட்டாலும், பெங்களூர்க் கம்பெனி எழுதுவதையெல்லாம் இவள்தான் திருத்துகிறாள் என்று சொல்லிக்கொள்வார், மைக் இல்லாமல்.

ஒருமுறை ஃபோனில் அவள் சொன்னாள், “மைனி பாக்க மாதிரி இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஒரு வரியக்கூட விடுகது இல்ல.”

ஏன் விடுவதில்லை என்று அவளுக்குத் தெரியாது. அவளிடமிருந்து எது வந்தாலும் முதலில் எனக்குள் ஒன்று சுருக்கென்றுதான் விழித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் வாசிப்பேன். தவறு இல்லாத நாட்களில், நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறேன். அந்த ஒரு வரியை எழுத இன்றைக்கும் எனக்கு நேரம் பிடிக்கிறது.