யாரும் திறக்காத டின்

கோகிலவாணிக்கு வாய் கொஞ்சம் நீளம். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். நீலகிரியில் சோலூர்ப் பக்கம் லிங்கசாமியின் சின்ன டீ ஃபேக்டரியில் பேக்கிங் அறை முழுக்க அவள் ராஜ்ஜியம்தான். கோபம் வந்தால் முதலாளியாவது மண்ணாவது!

தேயிலை விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. பறித்த கூலிக்கே கட்டவில்லை என்று பாதிப் பேர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் புருஷனுக்கும் தோட்டத்தில் வேலை நின்றுபோனது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஃபேக்டரியைக் காப்பாற்ற லிங்கசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். டீத்தூள் அடைத்து விற்க ஆறு தகர டின், மேலே ஆறு படம். மலை ரயில், பைக்காரா அருவி, மசினகுடி யானை என்று ஒவ்வொன்றாக வரும். விற்றுத் தீர்ந்த படத்தை மறுபடி அடிக்க மாட்டார். “டின்னுக்காக எந்தக் கிறுக்கன் டீ வாங்குவான்?” என்று கோகிலவாணி சிரித்தாள்.

வாங்கினார்களே! இப்படிச் சேர்ப்பதற்கென்றே ஊட்டியிலும் கோயமுத்தூரிலும் ஒரு கூட்டம் இருந்தது. மூடியில் ஒட்டிய காகித முத்திரை மட்டும் கிழியக் கூடாது. கிழிந்தால் அது வெறும் தகரம். டின்னைக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருந்த டீயை ஒருத்தரும் குடித்ததில்லை. அது மட்டும் கோகிலவாணிக்கு வயிற்றெரிச்சல்.

ஆறாவது டின் வந்த அன்று லிங்கசாமி பேக்கிங் அறையில் சில மூட்டைகளை இறக்கினார்.

“வாணி, இதைப் போட்டு ரொப்பிரு.”

அவள் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். “என்னங்க மொதலாளி, இது கழிவுத் தூளுங்க! எருவுக்குப் போறது!”

“எவன் தொறந்து பாக்கறான்? அஞ்சு டின்னு வித்தாச்சு. டீ நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொன்னானா? நல்ல தூளை ஏலத்துக்கு அனுப்புனா உங்களுக்கெல்லாம் சம்பளமாவது போடலாம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“அஞ்சு டின்னுக்கும் நல்ல தூளுதான் போட்டேன். இதுக்கும் அதேதானுங்க. குப்பையைப் போடணும்னா நீங்களே ரொப்பிக்குங்க!”

“அப்ப ஊட்டுக்குப் போ. நாளையிலிருந்து வர வேண்டாம்.”

கோகிலவாணிக்கு வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. இருந்தாலும் இறங்கிப் போக மனசு வரவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஊட்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகமது இறங்கினார். முதல் டின்னிலிருந்து வரிசையாகச் சேர்ப்பவர். கூட்டாளிகளுக்கும் இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர். கையில் மலை ரயில் டின், முத்திரை கிழிந்து கிடந்தது. பின்னாலேயே ஓடி வந்த லிங்கசாமிக்கு அதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“மொதலாளி, என் குடியே முழுகிப் போச்சு! விருந்தாளி வந்த நேரம் தூள் தீந்துடுச்சாம். என் வீட்டுக்காரி இதைப் பிரிச்சுட்டா! வேற ரயில் டின் இருக்குங்களா?”

“அது தீந்து போச்சுங்களே” என்றார் லிங்கசாமி. ஹபீப் முகமது தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

காரின் அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி சுரையா இறங்கி வந்தாள்.

“இவரு கெடக்கறாருங்க. ஏனுங்கக்கா, இந்தத் தூளு போட்டது யாருங்க? வந்தவங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. எனக்கு இதே தூளு வேணும், டின்னு வேண்டாம்.”

“நான்தாங்க போட்டேன்” என்றாள் கோகிலவாணி. தூக்கைக் கீழே வைத்தாள்.

“இவரு கூட்டாளிங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். இனி எந்த டின்னு வந்தாலும் பிரிச்சுடுவாங்க.”

“யா அல்லா!” என்று அலறினார் ஹபீப் முகமது.

கோகிலவாணி லிங்கசாமியைப் பார்த்தாள். “அப்ப நான் ஊட்டுக்குப் போகட்டுங்களா, மொதலாளி?”

லிங்கசாமி உள்ளே போய், கழிவுத் தூள் மூட்டை ஒன்றைத் தானே முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

“எருக்குழி அந்தப் பக்கமுங்க” என்றாள் அவள்.