கடலில்லாத துறைமுகத்தில் ஒரு வழக்கறிஞர்

உப்பில்லாத தண்ணீர், அலையில்லாத கரை, ஆனாலும் நாள்தோறும் கப்பல் வரும். அது என்ன இடம்? விடை தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், என் சித்திக்கும் தெரியவில்லை. நதித் துறைமுகம். ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் அப்படியொன்றை நடத்துவது என் தொழில். அதற்கு முன் நான் வழக்கறிஞர். வேலை மாறியவர்களே, உங்களுக்குப் புரியும்: புது மேசைக்குப் பழைய வாயையும் கூடவே கொண்டுபோய்விடுகிறோம்.

சித்தியின் சந்தேகம்

வுப்பர்டால் நகரில் ஒரு பிறந்தநாள் விழா. புது வேலையைச் சித்திக்கு விளக்கினேன். கோதுமையும் சரளைக் கல்லும் பழைய இரும்பும் கப்பலில் வரும். கிரேனால் இறக்கி, ரயிலிலும் லொறியிலும் ஏற்றுவோம். சித்தி பொறுமையாகக் கேட்டார். என் தட்டில் இன்னொரு ரோல்ஸ் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி பிள்ளை. கோர்ட்டிலை என்ன பிழை விட்டனீ?"

வரக்கூடும்

மாவு ஆலைக்காரர் தொலைபேசியில் கேட்டார், கோதுமைக் கப்பல் நாளை வருமா என்று. நதியில் தண்ணீர் குறைந்திருந்தது. எந்த வழக்கறிஞரும் சும்மா 'வரும்' என்று சொல்லிவிட மாட்டார். "இன்றைய நீர்மட்டத்தின்படி, பொறுப்பேற்காமல் சொல்வதானால், வரக்கூடும்" என்றேன். ஆலைக்காரர் திருப்பிக் கேட்டார்.

"வரும் என்றால் லொறி அனுப்புவேன். வராது என்றால் மீன் பிடிக்கப் போவேன். வரக்கூடும் என்றால், அம்மணி, தூண்டிலோடு லொறியில் ஏறட்டுமா?"

ஊஞ்சல்

அந்தக் கோதுமையைக் கொண்டுவருபவர் யோகான். அவர், மனைவி, ஐந்து வயது மகள் லீனா மூவரும் கப்பலிலேயே வசிக்கிறார்கள். மேல்தளத்தில், கம்பி வேலிக்குள், லீனாவுக்கு ஓர் ஊஞ்சல் இருந்தது. ஒருநாள் காலையில் எங்கள் கிரேனின் இரும்பு வாளி சற்று அதிகமாக வீசி, ஊஞ்சலின் காலை முறித்தது. நல்லவேளை, பிள்ளை உள்ளே பால் குடித்துக்கொண்டிருந்தாள். கிரேனை இயக்கியவர் எசன் நகரிலிருந்து வேலைக்கு வரும் ரவியண்ணை.

யோகான் அலுவலகத்துக்கு வந்தார். இனி அடுத்த துறைமுகத்துக்கே போகப்போவதாகச் சொன்னார். அவர் போனால் அந்தக் கிரேனுக்கு வேலையில்லை, ரவியண்ணைக்கும் இல்லை. நானோ, "சம்பவத்தைக் கவனத்தில் எடுத்துள்ளோம்" என்றேன். மன்னிப்புக் கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும், காப்புறுதிக்காரர் முறைப்பார் என்பது என் பழைய தொழிலின் பாடம். கதவருகில் நின்ற ரவியண்ணை தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, வேலை போறது எனக்கு. ஒருக்கா மன்னியுங்கோ எண்டு சொன்னா உங்களுக்கென்ன, பல்லு விழுமோ?"

தீர்ப்பு

சொன்னேன். பல் விழவில்லை. ரவியண்ணையும் சொன்னார். யோகானின் கோபம் பாதி இறங்கியது. "ஊஞ்சல் அவளுடையது. இங்கே வருவதா, அடுத்த துறைமுகத்துக்குப் போவதா என்று அவளே சொல்லட்டும்" என்று எங்களைக் கப்பலுக்கு அழைத்துப் போனார். புது ஊஞ்சல் வாங்கித் தருகிறோம், கிரேனில் ஏறி உட்காரலாம் என்று என்னால் இயன்றவரை வாதாடினேன். லீனா ஊஞ்சலின் முறிந்த காலைப் பார்த்தாள், கிரேனைப் பார்த்தாள், கடைசியாக ரவியண்ணையைப் பார்த்தாள்.

"இவருக்கு ஊஞ்சல் பிடிக்காதா, அப்பா?"

"பிடிக்கும், பிடிக்கும்" என்றார் ரவியண்ணை, அவசரமாக.

லீனா எங்கள் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தாள். புது ஊஞ்சலை மட்டும் கிரேனுக்கு எட்டாத மறுமுனையில் வைக்கச் சொன்னாள்.